இருபத்தேழாவது கையெழுத்து

ஆண் ஆயர்தான் வேண்டும் என்று
பேராயத்துக்குப் போன மனுவில்
இருபத்தேழாவது கையெழுத்து என்னுடையது.
பெனின்னாள் என்று நான் எழுதி முடிப்பதற்குள்
பேனாவை வாங்கி இரண்டு தரம் உதறிக் கொடுத்தார்
சபைச் செயலர்.
சின்னப்பாலத்தில் அப்போது தடைக்காலம்.
கடலில் இறங்காத கைக்கு
எதிலாவது கையெழுத்துப் போடத் தோன்றும்.

மனு போன சாலையிலேயே
அவள் வந்து இறங்கினாள்.
இரண்டு சூட்கேஸ், சாக்கில் கட்டிய மிக்சி,
பின்னால் ஓபேத்து என்கிற புருஷன்.
அருள்திரு எப்சிபா என்று பலகையில் எழுதியாயிற்று.
வாயில் எப்படிச் சொல்வது?
ஐயரம்மா என்றால் ஐயரின் பெண்சாதி.
இங்கே அம்மாவே ஐயர்.
"அப்ப உங்களை என்னன்னு கூப்பிட?"
கோயில்பிள்ளை கேட்டதற்கு
ஓபேத்து சிரிக்காமல் சொன்னார்:
"மீட்டர் பாக்குறவன்னு கூப்பிடுங்க.
கரண்டு ஆபீசுல அதான் பேரு."

பழைய ஐயர் விட்டுப்போன அங்கி
அவளுக்கு ஒரு சாண் நீளம்.
வலை பொத்துகிற நரம்பால்
ஓரம் மடித்துத் தைத்திருந்தாள்.
நடந்தால் சரசரவென்றது.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலு முதல் ஞாயிறுகள்
திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை.
மனுவில் எழுதாத காரணம் ஒன்று இருந்தது.
மாதத்தில் அந்த நாட்கள் வந்தால்
நான் கிராதிப் பக்கம் போனதே இல்லை.
கடைசி பெஞ்சில் முழங்காலிட்டு எழுந்துவிடுவேன்.
யாரும் சொல்லித் தரவில்லை.
சொல்லித் தராமலே வருகிற பழக்கம் அது.
அப்படியிருக்க,
கிண்ணத்தையே தூக்குகிறவளுக்கு
அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால்?

ஐந்தாம் மாதம் போனேன்.
ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.
முந்தின நாள் குருசடைத் தீவுக்கு அப்பால்
பாரில் கிழிந்த விரல்கள்,
துணி சுற்றியபடியே
ஒன்றின்மேல் ஒன்றாக நீட்டினேன்.
அப்பத்தை வைத்தாள்.
எல்லாருக்கும் சொன்னதையே எனக்கும் சொன்னாள்.
ரசத்தில் வழக்கம்போல் தண்ணீர் கூடுதல்.

வெளிவாசலில்
ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்:
"அந்த நாள்ல கிண்ணத்தத் தொடுவீகளா?"
செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள்
நிமிராமல் சொன்னாள்:
"இன்னைக்கு ரெண்டாம் நாள்."

நாக்கில் இன்னும் இனிப்பு இருந்தது.
பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுபட்டவள் கதையை
இனி எடுப்பாள் என்று நின்றேன்.
எடுக்கவில்லை.
இடுப்பு விட்டுப்போகிறது,
உன் வீட்டில் காப்பி கிடைக்குமா என்றாள்.
பால் இல்லை. கருப்பட்டி போட்டு
வரக்காப்பி கொடுத்தேன்.
என் வீட்டுக்காரர் சட்டையை எடுத்துக்கொண்டு
வெளியே போய்விட்டார்.
இருபத்தாறாவது கையெழுத்து அவருடையது.

திங்கள் விடியுமுன்
வள்ளத்தில் சம்மாட்டி தலை எண்ணினான்.
பதினொன்று.
எந்தத் தலைக்கு எத்தனையாம் நாள் என்று
அவன் ஒருபோதும் கேட்டதில்லை.
கடலும் கேட்டதில்லை.
கண்ணாடியை மாட்டி முங்கி
மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது
கணக்குப் போடத் தொடங்கினேன்:
இருபத்திரண்டு வருஷம்,
பாசிக்கு ஒருநாள்கூட வராதிருந்ததில்லை,
கோயிலில் மட்டும் கடைசி பெஞ்சு
எத்தனை ஞாயிறு,
எத்தனை...
மூச்சு முட்டி மேலே வந்துவிட்டேன்.
கணக்கு அடியிலேயே கிடக்கிறது.

கொடுத்த மனுவைத் திருப்பித் தரும் வழக்கம்
பேராயத்தில் இல்லையாம்.
கோப்பில் இருக்குமாம்.
இருக்கட்டும்.

ஐயரே என்று கூப்பிட
எனக்கு இன்னும் வாய் வரவில்லை.
"ஏங்க" என்கிறேன்,
வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி.
அதற்கும்
அவர் திரும்பிப் பார்க்கிறார்.